செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பேர்ஸ் அணியின் பழைய தாள்களும் நம் சங்கமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். சாக்லேட் நிறுவனத்தால் பேர்பெற்ற பென்சில்வேனியா ஊரான ஹெர்ஷியின் பனி ஹாக்கி அணி ஹெர்ஷி பேர்ஸ். அதன் ரசிகர்களான நம் சங்கத்தின் 2024–25 சீசனுக்கான ஆண்டறிக்கையைச் செயற்குழுவின் சார்பில் சமர்ப்பிக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு கூட்டங்கள் போதிய வருகை இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டன. சீசன் தொடக்க விருந்தும் எதிரணியின் ஊரான வில்க்ஸ்-பேரிக்குப் பேருந்துப் பயணமும் வழக்கம்போல் நடந்தன. ஜனவரி 5 அன்று நம் அணியின் இன்றைய அரங்கமான ஜயன்ட் சென்டரில், தானம் செய்வதற்காக ரசிகர்கள் பொம்மைகளை எறியும் கரடிபொம்மை வீச்சில் 1,02,343 பொம்மைகள் பனித்தளத்தில் விழுந்தன. உலக சாதனை. பொம்மைகளை மூட்டை கட்ட வந்த உறுப்பினர்களுக்கு நன்றி.

நாம் ஆடும் அமெரிக்கன் ஹாக்கி லீக்கின் வாகையர் பட்டமான கால்டர் கோப்பை இம்முறை அபட்ஸ்ஃபோர்டு அணிக்குப் போனது. தொடர்ந்து இரண்டு முறை வெல்வது ஹெர்ஷிக்குப் புதிதல்ல: 1958, 1959; பிறகு 2009, 2010; இப்போது 2023, 2024. மூன்றாவதுதான் ஒருமுறையும் வாய்க்கவில்லை. இந்த லீக்கில் தொடர்ந்து மூன்று கோப்பை வென்ற ஒரே அணி, 1960 முதல் 1962 வரை வென்ற ஸ்பிரிங்ஃபீல்டு இந்தியன்ஸ். ஆனாலும் 13 கோப்பைகள் நம் அணியிடம்தான் இருக்கின்றன. அந்தப் 13-க்கும் தாள் ஆதாரம் நம்மிடம் இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

வரலாற்றுத் தொகுப்புப் பணியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. “எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே, எதற்கு இந்தச் செலவு?” என்ற கேள்வி இரண்டு கூட்டங்களில் எழுந்தது. இணையத்தில் இருப்பது பெரும்பாலும் முடிவும் மொத்தக் கணக்கும். அன்றிரவு யார் யார் களமிறங்கினார்கள், எந்தக் கோல்கீப்பரை மதியம்தான் தாய்க் கழகம் (நம் அணிக்கு வீரர்களை அனுப்பும் மேல்நிலை லீக் அணி) மேலே அழைத்துக்கொண்டது, அவசரத்துக்கு எவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்பதெல்லாம் ஆட்ட நாளில் அரங்கில் தரும் சிறு புத்தகமான புரோகிராமின் நடுப்பக்கத்தில், அதுவும் யாரோ பென்சிலால் அடித்துத் திருத்திய வரிகளில்தான் இருக்கிறது. மைனர் லீக் அணியின் வரலாறே வீரர்களின் வரவும் போக்கும்தான். 1984 முதல் 1996 வரை பிலடெல்பியா ஃப்ளையர்ஸ், பிறகு 2005 வரை கொலராடோ அவலாஞ்ச், அன்றிலிருந்து வாஷிங்டன் கேபிட்டல்ஸ் என்று தாய்க் கழகம் மாறும்போதெல்லாம் வீரர்கள் அறையில் இருக்கும் முகங்களும் மாறின. அச்சிட்ட பட்டியலை மட்டும் நம்பினால் பாதி தவறாகிவிடும்.

முதல் ஆறு ஆண்டுகளைத் தேடுவதுதான் மிகக் கடினம். 1931 பிப்ரவரி 17 அன்று ஹெர்ஷி ஐஸ் பேலஸில் ஹாக்கி ஆட்டம் நடந்தது. 1932-இல் சொந்த அணி உருவானது. அப்போதைய பெயர் பார்ஸ். ஆங்கிலத்தில் ‘பி’ எழுத்துக்கும் ‘ஏ’ எழுத்துக்கும் நடுவே ஒரு மேற்குறி இருக்கும். சாக்லேட் பாரையும் கரடியையும் ஒரே சொல்லில் அடக்கிய பெயர் அது. பெயரில் விளம்பர வாடை அடிக்கிறது என்று நியூயார்க் விளையாட்டு எழுத்தாளர்கள் குறை சொன்னதால் 1936-இல் பேர்ஸ் ஆனது. அட்டவணையில் பேர்ஸ் என்று மட்டும் தேடுகிறவருக்கு அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள் அகப்படாது. மேற்குறியோடு ஒருமுறை, மேற்குறி இல்லாமல் ஒருமுறை, சாக்லேட் பார்ஸ் என்று ஒருமுறை, ஆக மூன்று முறை தேட வேண்டும். லீக் பெயரும் இப்படித்தான். முதலில் ட்ரை-ஸ்டேட், பிறகு ஈஸ்டர்ன் அமெச்சூர். 1938-இல் நாம் சேர்ந்த லீக்கின் பெயர் அன்று இன்டர்நேஷனல்-அமெரிக்கன். 1940-க்குப் பிறகுதான் அது அமெரிக்கன் ஹாக்கி லீக். தேடுவோருக்கான ஒரு பக்கப் பெயர்ப் பட்டியல் தயாராகிவிட்டது. வேண்டுவோர் கேட்டுப் பெறலாம்.

1936 டிசம்பர் 19 அன்று திறந்த பழைய அரங்கைப் பற்றித் தனிக் கோப்பு தொடங்கியிருக்கிறோம். பொறியாளர் ஆன்டன் டெடெஸ்கோ வடிவமைத்த அந்தக் கான்கிரீட் கூரையின் ஓட்டுக் கனம் மூன்றரை அங்குலம்தான். உள்ளே ஒரு தூண் கிடையாது, அதனால் எந்த இருக்கையிலிருந்தும் பனித்தளம் முழுசாகத் தெரியும். 1962 மார்ச் 2 அன்று வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்ததும் இதே கூரையின் கீழ்தான். வெளியூர்க்காரர்கள் அந்தக் கூடைப்பந்து ஆட்டத்தைத்தான் கேட்கிறார்கள். 2002 வரை அங்கே நடந்த ஹாக்கியைக் கேட்பவர் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கோப்பு.

இனி வேலை முறை. சென்ற ஆண்டு நல்ல எண்ணத்தில் செய்யப்பட்ட சில காரியங்கள் சேதத்தில் முடிந்ததால் தெளிவாகவே எழுதுகிறேன்.

புரோகிராமின் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் முன்பக்கமாக இழுக்கக் கூடாது. துரு ஏறிய இடத்தில் தாள் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கும். இழுத்தால் பின்னோடு காகிதமும் வரும். நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கியிருக்கும் இரண்டு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்திவிட்டு, வெளிப்பக்கத்திலிருந்து அலுங்காமல் எடுக்க வேண்டும். பழைய துளைகளிலேயே பருத்தி நூலைக் கோத்துக் கட்டினால் போதும், புதுப் பின் வேண்டாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி உறைகள் அறவே கூடாது. அவற்றை மென்மையாக்கும் வேதிப்பொருள் கசிந்து, அட்டையின் மை உறையில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன் உறை மட்டுமே. செய்தித்தாள் துண்டுகளை லேமினேட் செய்துவிட்டால் பிறகு திருப்பிப் பிரிக்க வழியில்லை. 1970களின் ஒட்டும் ஆல்பங்களில் இருக்கும் படங்களைப் பிய்ப்பதற்கு முன் பக்கத்தை முழுதாக ஸ்கேன் செய்துவிட வேண்டும். அதன் பிறகு மெழுகு பூசாத பல் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுத்தால் வந்துவிடும்.

ஸ்கேன் செய்யும்போது எழுத்துப் பக்கம் 400 டிபிஐ, படம் 600 டிபிஐ. மூலக் கோப்பு டிஃப் வடிவத்திலேயே இருக்கட்டும். அச்சுப் படங்களில் விழும் அலைக்கோடுகளைப் படியில் மட்டும் நீக்குங்கள், மூலத்தில் கை வைக்க வேண்டாம். கோப்புப் பெயர் ஆண்டு, மாதம், நாள், எதிரணி என்ற வரிசையில் இருக்க வேண்டும். வெறும் வரிசை எண்ணோடு வந்த கோப்புகளை அடையாளம் காண்பதிலேயே ஏழு ஞாயிறுகள் போயின.

ஜெர்சிகளை எண்ணை மட்டும் பார்த்துப் பதிவு செய்யாதீர்கள். கௌரவித்து நிறுத்திவைத்த எண்களிலேயே 3 ஃபிராங்க் மேதர்ஸுக்கும் ரால்ஃப் கெல்லருக்கும், 9 ஆர்னி குல்மனுக்கும் டிம் டூக்கிக்கும், 16 வில்லி மார்ஷலுக்கும் மிட்ச் லாமரூவுக்கும் பொது. கழுத்துப் பட்டையில் தயாரிப்பாளர் சீட்டு, அளவு, முழங்கைப் பக்கம் பனித்தளத்தைச் சுற்றியுள்ள பலகையில் உரசிய கறுப்புக் கோடு, உள்பக்கத்திலிருந்து போட்ட தையல் ஆகியவற்றைப் பார்த்துத்தான் காலம் குறிக்க முடியும். கம்பளி ஜெர்சியை ஹேங்கரில் மாட்டினால் தோள்பட்டை தொங்கிவிடும். அமிலமற்ற தாள் சுருட்டி வைத்துப் படுக்கையாகவே கிடத்துங்கள். பூச்சி அரித்த தடம் தெரிந்தால் காற்றுப் புகாத பையில் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். துவைக்கவே கூடாது.

புள்ளிவிவர அட்டவணையில் நேர்ந்த தவறு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2023–24 சீசனின் கணக்கு 53-14-0-5. அதாவது வெற்றி 53, முழு நேரத்தில் தோல்வி 14, கூடுதல் நேரத்தில் தோல்வி 0, ஷூட்அவுட்டில் (சமநிலையில் நின்ற ஆட்டத்தை, ஒரு வீரர் கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து அடிக்கும் அடிகளால் முடிக்கும் முறை) தோல்வி 5. கூட்டினால் 72 ஆட்டம். வெற்றிக்கு 2, கடைசி இரண்டு வகைத் தோல்விக்கும் 1 என்று போட்டால் 111 புள்ளி. 2004–05-இல் ஷூட்அவுட் வருவதற்கு முன் மூன்றாவது இடத்தில் சமநிலை ஆட்டங்கள் இருந்தன. பழைய சீசன்களையும் புதிய சீசன்களையும் ஒரே கட்டத்தில் ஏற்றியபோது, பல பத்தாண்டுகளின் சமநிலைகள் எல்லாம் தோல்விகளாகிவிட்டன. இப்போது சமநிலைக்குத் தனி நெடுவரிசை போட்டாயிற்று. ஒவ்வொரு வரியிலும் ஆட்டங்களின் கூட்டுத்தொகையும் புள்ளிகளும் ஒத்துப்போனால்தான் அந்தச் சீசன் ‘முடிந்தது’ என்று குறிக்கப்படும். சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களின் கோல்கள் தனித் தாளில். 1988-இல் பிளேஆஃபில் 12 ஆட்டங்களையும் தோற்காமல் வென்று கோப்பை எடுத்த அணியின் பக்கம் முதலில் முடிந்தது. மேதர்ஸ் 1956-இல் ஆடிக்கொண்டே பயிற்சியளிக்க வந்ததிலிருந்து 1991-இல் ஓய்வுபெற்ற வரையிலான ஆறு கோப்பைகளின் பக்கங்களில் 1974 மட்டும் பாக்கி.

அது ஏன் பாக்கி என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1973–74 புரோகிராம்கள் அடங்கிய இரண்டு பெட்டிகள், “வீட்டில் வைத்து ஸ்கேன் செய்து தருகிறேன்” என்று வாங்கிச் செல்லப்பட்டு ஓராண்டாகத் திரும்பவில்லை. பெயர் குறிப்பிடவில்லை. பெட்டிகள் கீழ்த்தளத்தில், கொதிகலன் பக்கத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சூடும் ஈரமும் மாறி மாறித் தாக்கும் இடம் பழைய தாளுக்கு ஆகாது. ஸ்கேன் ஆகாவிட்டாலும் பரவாயில்லை, பெட்டிகள் வந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைப் பணிக்கு 14 பேர் பெயர் கொடுத்தார்கள். தவறாமல் வந்தவர்கள் நால்வர். அந்த நால்வர் இல்லையென்றால் இந்த அறிக்கையில் எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

வரவு செலவு பற்றிப் பொருளாளர் தனியே விளக்குவார். சுருக்கமாக, விருந்திலும் பேருந்திலும் மிஞ்சிய தொகை உறைகளுக்கும் பெட்டிகளுக்கும் வாடகை அறைக்கும் சென்றது. கையிருப்பு சென்ற ஆண்டை ஒட்டியே இருக்கிறது, சற்றுக் குறைவு. உறுப்பினர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் சந்தா செலுத்தவில்லை. சிலர் இரண்டு ஆண்டுகளாக. ஆண்டு சந்தா ஓர் ஆட்டத்துக்கான இருக்கை விலையைவிடக் குறைவு என்பதை நினைவூட்டுகிறேன்.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், விருந்துக் குழு, பேருந்து ஏற்பாடு செய்த அன்பர்கள், அறைக்கு வாடகையைக் குறைத்துக் கொடுத்தவர் ஆகிய அனைவருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் 1938 முதல் 1947-இல் முதல் கோப்பை வென்றது வரையிலான காலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். அதற்கு ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் தரக்கூடிய ஆறு பேர் வேண்டும். போர்க்கால அச்சுத்தாள் மிக மட்டம், இன்னும் சில ஆண்டுகள் விட்டால் தொட்டுப் புரட்டவே முடியாது. செயலாளர் பொறுப்பில் தொடர்வது குறித்து நான் இன்னும் முடிவு செய்யவில்லை. வாடகை அறையின் ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. நிலுவைச் சந்தா அதற்குள் வந்தால் புதுப்பிக்கலாம். வராவிட்டால் 40 பெட்டிகளையும் யார் வீட்டில் வைப்பது என்பதை இன்றே இந்தக் கூட்டத்தில் முடிவு செய்துவிட வேண்டும்.