மாப்ள, வர்ற ஞாயிறு உன் வண்டி டேங்கைக் கழட்டிப் பாரு

மாப்ள,

எப்டி இருக்க, தங்கச்சியும் பிள்ளைகளும் நல்லா இருக்காங்களா. அம்மாவுக்கு முட்டிவலி பரவால்ல, இப்ப மாடிப்படி ஏறுறாங்க. அன்னைக்கு போன்ல என் பைக் ஃப்ரேம்ல விரிசல் விட்ட விஷயத்தை பாதியில விட்டுட்டேன், ஜீப் வந்துருச்சு. ஆமா, இப்ப லேபர் ஜீப்ல தான் எஸ்டேட்டுக்குப் போயிட்டு வரேன், காலைல ஆறு மணிக்கு போடியில ஏறுனா போடிமெட்டு தாண்டி இறங்குறப்ப இடுப்பு கழண்டுருது. வண்டி அம்மா வீட்டுத் திண்ணையில தார்பாய் போட்டு மூடிக் கிடக்கு. நீயும் நானும் ஒரே மாசம் ஒரே மாடல் எடுத்தோம், அதான் முழுசா எழுதுறேன், பொறுமையா படி.

மூணு மாசம் முன்னாடி மலை இறங்குறப்ப கொண்டை ஊசி வளைவுல பிரேக் புடிச்சா ஹேண்டில் பக்கம் டிக்குனு ஒரு சத்தம். போடிமெட்டுல 17 வளைவு, பதினேழுலயும் கேக்குது. நம்ம மெக்கானிக் அண்ணன் கோன்செட், அதான் ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங், போயிருக்கும்னு மாத்துனாரு, ரெண்டு நாள்ல திரும்ப அதே சத்தம். அப்புறம் தான் டேங்கைக் கழட்டுனோம். ஹேண்டில் மாட்டுற நெக் பைப்பும் அதுல இருந்து கீழ வர்ற ஃப்ரேம் டியூபும் சேர்ற வெல்டிங் இருக்குல்ல, பெட்ரோல்ல வேஸ்ட் துணிய நனைச்சு அங்க அழுக்கைத் தொடச்சாரு, பாத்தா வெல்டிங் ஓரமா பெயின்ட்டுக்குள்ள முடி மாதிரி ஒரு பழுப்புக் கோடு. கீறலா இருக்கும்னேன். அவரு ஒண்ணும் சொல்லாம மண்ணெண்ணெய் தடவி, நல்லா தொடச்சுட்டு, பையனோட சாக்பீஸை வாங்கி அது மேல தேய்ச்சு விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. திரும்ப வந்து பாக்குறப்ப வெள்ளையில ஈரமா ஒரு கோடு ஊறி நிக்குது, ரெண்டு இஞ்ச்சுக்குக் கொஞ்சம் கம்மி. உள்ள இறங்கி இருந்த மண்ணெண்ணெய் வெளிய வந்துருக்கு மாப்ள. எனக்கு கை நடுங்கிருச்சு. முந்தின வாரம் தான் பாப்பாவை டேங்க் மேல உக்கார வச்சு கூட்டிட்டு வந்தேன், அந்த விரிசலுக்கு அரை அடி மேல என் பொண்ணு உக்காந்துருந்தா.

அப்பவே தெரு முக்குல வெல்டிங் பட்டறையில போயி 600 ரூபா குடுத்து ஒரு பிளேட் வச்சு பத்த வச்சுடலாம்னு தள்ளிட்டுப் போயிட்டேன். அண்ணன் தான் தடுத்தாரு, ஒரு தடவை பத்த வச்சுட்டா என்ன நடந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது தம்பின்னாரு. அவரு மட்டும் சொல்லலைன்னா இன்னைக்கு என் கையில ஒண்ணுமே இருந்திருக்காது.

பாலிடெக்னிக்ல சார் கம்பிய முன்னும் பின்னும் வளைச்சு வளைச்சு ஒடச்சுக் காட்டுவாரே ஞாபகம் இருக்கா, அதே கதை தான் இது. ஒரே அடியில ஒடையுறது வேற, லட்சம் தடவை கொஞ்சம் கொஞ்சமா இழுபட்டு ஒடையுறது வேற. வெல்டிங் ஓரத்துல சூடு பட்ட இடம் தான் இதுக்கு மொதல்ல விட்டுக் குடுக்கும், அங்க ஒரு சின்ன பள்ளமோ உள்ள சரியா உருகாத இடமோ இருந்தா விரிசல் அதுல தான் பிறக்கும். ஆக்சிடென்ட்ல ஒடைஞ்சதா, நாள்பட்டு விரிஞ்சதான்னு அந்த ஒடைஞ்ச முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சவங்க சொல்லிருவாங்க. நாள்பட்டதுன்னா கடல் அலை மணல்ல விட்டுட்டுப் போற மாதிரி வரி வரியா இருக்கும், பழைய பாகம் துரு ஏறி வழவழன்னு, கடைசியா விட்டுப்போன பாகம் மட்டும் சொரசொரன்னு புதுசா இருக்கும். அதை உருக்கி அடைச்சுட்டா சாட்சியை நாமளே கொன்ன மாதிரி.

சர்வீஸ் சென்டர்ல ஜாப் கார்டுல "நாய்ஸ் கம்ப்ளைன்ட்"னு எழுதுனான். ஃப்ரேம்ல விரிசல்னு எழுதுற வரைக்கும் வண்டிய விட மாட்டேன்னு அங்கயே உக்காந்துட்டேன், ஒன்றரை மணி நேரம் கழிச்சு எழுதிக் குடுத்தாங்க, அந்தத் தாளு தான் இன்னைக்கு எனக்கு தெம்பு. பத்து நாள் கழிச்சு கம்பெனி ஆளு வந்தாரு, டார்ச் அடிச்சுப் பாத்தாரு, வெளிக் கடையில கேரியர் மாட்டிருக்கீங்க, மூட்டை ஏத்தியிருக்கீங்க, ரோடும் மோசம், அதனால வாரன்டி கிடையாதுன்னாரு. மூட்டை ஏத்துனது உண்மை தான், ஏலக்கா சாக்கு ஒண்ணு வச்சு வந்துருக்கேன், அதை எங்கயும் மறைக்கல. ஆனா பின்னாடி வச்ச சுமையால கெட்டுச்சுன்னா சீட்டையும் கேரியரையும் தாங்குற பின் சப்ஃப்ரேம் தான மொதல்ல வளையணும், அது நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்கு. மலை ரோட்டுல ஓட்டலாம்னு சொல்லித் தான வித்தாங்க. அப்புறம் போன் பண்ணி ஃப்ரேம் விலையில பாதி தள்ளுபடி, இனிமே எந்த புகாரும் இல்லன்னு கையெழுத்து மட்டும் போடுங்கன்னாங்க. போடல. ஃப்ரேம் மாத்துறதும் லேசு இல்ல மாப்ள, சேஸிஸ் நம்பர் அதுல தான் அடிச்சிருக்கு, ஆர்டிஓ ஆபீஸ், ஆர்சி, இன்சூரன்ஸ்னு அத்தனையும் மாறணும்.

ஓட்டுறவன் மேல பழி போடுறது உலகம் பூரா நடக்குறது தான். சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 1000ல 2005, 2006 மாடல் ஃப்ரேம் விரிசல் விட்டப்போ வீலி அடிச்சு, அதாவது முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டி, ஓங்கி இறக்குறவங்களுக்குத் தான் இப்படி ஆகும்னாங்க, ஆனா அப்படிச் சொல்லிட்டும் வண்டிகளைத் திரும்ப வரவழைச்சு ஃப்ரேமுக்கு பலப்படுத்துற பீஸ் மாட்டிக் குடுத்தாங்க. நம்ம கிருஷ்ணகிரி பக்கம் தயாராகுற ஓலா ஸ்கூட்டர்ல முன்சக்கரத்தைப் புடிச்சிருக்குற ஃபோர்க் ஒடையுதுன்னு புகார் கிளம்புனப்ப பயப்பட ஒண்ணும் இல்லன்னு சொல்லிக்கிட்டே 2023 மார்ச்ல இலவசமா புது ஃபோர்க் மாத்தித் தரோம்னு அறிவிச்சாங்க. எனக்கு அந்த ரெண்டாவது பாதி போதும். தப்பை ஒத்துக்கக் கூட வேணாம், மத்தவங்க வண்டிய கூப்பிட்டுப் பாக்கட்டும்.

கேஸ் போட்டுட்டேன். 2019 நுகர்வோர் சட்டத்துல நாம குடியிருக்குற ஊர்லயே போடலாம், கம்பெனி ஊருக்கு அலைய வேணாம், வண்டிக்குக் குடுத்த காசு அஞ்சு லட்சத்துக்குள்ள இருந்தா பீஸ் கிடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும், அதை மறந்துறாத. வக்கீல் ஒரு நுணுக்கம் சொன்னாரு. ப்ராடக்ட் லயபிலிட்டி, அதாவது பொருளால வர்ற சேதத்துக்குப் பொறுப்புன்னு தனி அத்தியாயமே இருக்காம், ஆனா அது பொருளால ஆளுக்கோ வேற சொத்துக்கோ சேதம் ஆனா தான், பொருளே கெட்டதுக்கு அது வராது. அதனால நம்மளது குறைபாடுள்ள பொருள்ங்கற கணக்குல போயிருக்கு, மாத்திக் குடு இல்ல பணத்தைத் திருப்பிக் குடுன்னு. கீழ விழுந்து எலும்பு ஒடைஞ்சிருந்தா அந்த அத்தியாயமும் சேர்ந்திருக்கும், அது வரைக்கும் போகலைங்கறதே எனக்குப் பெருசு. வெறும் கண்ணால பாத்து முடிவு பண்ண முடியாத குறைன்னா கேஸை விசாரிக்கிற நுகர்வோர் ஆணையமே லேபுக்கு அனுப்பலாமாம், அதுக்கு மனு குடுத்துருக்கோம், டெஸ்ட் செலவை மொதல்ல நாம தான் கட்டணும்.

இன்னொண்ணு, 2021 ஏப்ரல்ல இருந்து ரீகால் சட்டமே இருக்கு, ஏழு வருசத்துக்குள்ள உள்ள வண்டி மேல இத்தனை பேர்னு ஒரு எண்ணிக்கைக்குப் புகார் வந்தா, கம்பெனியே அதைத் திரும்ப வரவழைச்சுச் சரி பண்ணணும்னு கவர்மென்ட் சொல்லலாம், கவர்மென்ட்டோட வாகன் போர்ட்டல்ல புகார் போடணும். நான் போட்டுட்டேன். ஒருத்தன் போட்டா எண்ணிக்கை ஏறாது மாப்ள, அவனவன் பட்டறையில 600 ரூபா குடுத்துப் பத்த வச்சுட்டுப் போனா இப்படி ஒரு பிரச்சினை இருக்குன்னே வெளிய தெரியாது. அண்ணன் கடைக்கே இதே மாடல் இன்னொண்ணு வந்துச்சு, அதே இடத்துல, ஆனா ஏற்கெனவே பத்த வச்சுப் பெயின்ட் அடிச்சிருந்துச்சு.

அதனால ஞாயித்துக்கிழமை டேங்கைக் கழட்டு. நெக் பைப்பைச் சுத்தி இருக்குற எல்லா வெல்டிங்கையும் தொடச்சுட்டு, மண்ணெண்ணெய் கிடைக்கலைன்னா டீசல் தடவி, சாக்பீஸ் தேய்ச்சுப் பாரு. கோடு தெரிஞ்சா பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடு, சேஸிஸ் நம்பரும் சேர்ந்து தெரியுற மாதிரி ஒண்ணு எடு, அப்புறம் வண்டிய எடுக்காத, பத்த வைக்கவும் விடாத. பிள்ளைகளை ஸ்கூலுக்கு அதுலதான கூட்டிட்டுப் போற, அது வரைக்கும் ஆட்டோவுல அனுப்பு. கோடு இல்லன்னாலும் போட்டோ அனுப்பு, ராத்திரி எத்தனை மணியானாலும் முழிச்சிருப்பேன்.

உன் மாப்ள