காலையில் 20 நிமிடம் கேட்கிறோம்: மதுரை மாவட்டப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

உங்கள் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். அதனால்தான் தலைமையாசிரியரோடு நிறுத்தாமல் உங்களுக்கு எழுதுகிறோம். மூன்றாம், நான்காம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளைகளின் வாசிப்புப் பயிற்சிக்குத் தினமும் காலையில் 20 நிமிடம் ஒதுக்க அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். ஒரு தடவைக்கு மூன்று, நான்கு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். சனிக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது இதற்கு ஈடாகாது. இடையில் ஒரு வாரம் போனால் பழகின எழுத்து நழுவிவிடும்.

முதலில் எங்கே தடுக்குகிறது என்று பாருங்கள். தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். அரும்பில் இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் தடுக்குகிற இடம் ஒன்றல்ல. இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இன்னும் நடத்தாத பத்தியாக ஒன்றை எடுங்கள். நடத்திய பாடத்தைப் படத்தைப் பார்த்தே ஒப்பித்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால்தான் குட்டு வெளிப்படும். பத்தியின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை என்ன வாசித்ததோ அதை அப்படியே சொல்லுக்கு மேலே குறியுங்கள். அந்த நேரத்தில் திருத்த வேண்டாம். 'பழம்' என்பதைப் 'பளம்' என்று வாசித்தால் பிழைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது நம் பக்கத்துப் பேச்சு, வாசிப்புக் கோளாறு இல்லை.

குறித்த தாளில் பெரும்பாலும் கொம்புதான் மாட்டும். 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிற பிள்ளை, காலை 'ர' என்று எடுத்துக்கொண்டு 'கொடி'யைக் 'கெரடி' என்று வாசிக்கும். இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது அநியாயம். 'கொடி'யைப் பத்துத் தடவை எழுதச் சொன்னால் பத்துத் தடவையும் கோலம்போல் வரைந்துவிட்டுப் போகும், வாசிப்பு நகராது.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். 'க'வைக் கறுப்பிலும் கொம்பையும் காலையும் சிவப்பிலும் எழுதுங்கள். விரல் மூன்றுக்கும் அடியில் ஒரே இழுப்பாக ஓடும்போது வாய் 'கொ' என்று ஒரே ஒலியாகச் சொல்ல வேண்டும். அகரத்துக்கு அடுத்துக் கால், பிறகு 'கி, கீ' வரிசை. 'கு, து, பு' ஒவ்வொன்றும் வேறு உருவம், ஆகையால் தனித்தனியாகவே பழக்க வேண்டும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அதன் பிறகு. 'கொ, கோ' கடைசியில். ஒரு குறி கைவந்த பிறகுதான் அடுத்தது. 'க கா கி கீ' என்று ராகம் போட்டுச் சொல்கிற பிள்ளைக்குத் தனியாக நிற்கிற 'கீ' தெரியாது. அட்டைகளைக் கலைத்துப் போட்டுக் கேளுங்கள்.

எழுத்து தெரிந்தும் சொல்லாகச் சேர்க்க வராத பிள்ளைக்குக் காதுப் பயிற்சிதான் முதலில். புத்தகம் வேண்டாம். 'மதுரை'க்கு மூன்று தட்டு: ம, து, ரை. முதல் தட்டை எடுத்தால் என்ன மிச்சம்? 'துரை.' இப்படித் தினம் ஐந்து சொல்.

வாசிக்கும்போது தடுமாறினால் மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை பொறுங்கள். பிறகு சிக்கிய எழுத்தின் ஒலியை மட்டும் எடுத்துக் கொடுங்கள். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் தவறினால் பத்தி கடினம், எளிதாக வேறு எடுங்கள். ஒரே பத்தியை மூன்று நாள் வாசிக்க விடுங்கள்; மூன்றாம் நாள் வருகிற வேகம் பிள்ளைக்கே தெம்பு தரும். வகுப்பு முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பயத்தில் தெரிந்த எழுத்தும் மறந்துபோகும்.

கண்ணையும் காதையும் தொடக்கத்திலேயே சோதித்துவிடுங்கள். இரண்டும் சரியாக இருந்து, இரண்டு மூன்று மாதம் விடாமல் பழக்கியும் நகராவிட்டால், வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரிடம் அழைத்துப் போங்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை (வாசிக்க, எழுத வராமல் திணறுவது போன்றதை) 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியாகவே ஏற்றிருக்கிறது. அது அறிவுக் குறைவும் இல்லை, தாயின் வளர்ப்புக் குறையும் இல்லை.

தீர்மானத்தில் யார் எடுப்பது என்பதையும் எழுதுங்கள். வகுப்பாசிரியரால் முடியாவிட்டால் ஊரில் படித்த தாய் ஒருவர் போதும், ஆனால் தினமும் அதே ஆள் வர வேண்டும். பிள்ளைக்கு ஒரு நோட்டு போட்டு, தேதி, அன்று பழக்கிய குறி, தவறிய சொற்கள் மூன்றையும் குறிக்கச் சொல்லி, அந்த நோட்டை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
வாசிப்புப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்கள், மதுரை