யன்னலை இப்போதைக்கு விடு

அன்பு மச்சான்,

நீ ஒட்டாவாவில் வீடு வாங்கிய செய்தியை உன் தங்கைதான் முதலில் சொன்னாள். மிகவும் சந்தோசம். 1968இல் கட்டிய வீடு என்றதும், வந்த புதிதில் ஸ்காபரோவில் நாங்கள் ஐந்து பேர் இருந்த அந்தப் பேஸ்மென்ட்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஜாக்கெட்டோடு படுத்தோமே! உன் பிள்ளைகள் அப்படிப் படுக்கக் கூடாது.

யன்னல் எல்லாவற்றையும் மாற்றப்போவதாக எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. நானும் போன வருடம் விலை கேட்டேன், 18,000 டொலர் என்றார்கள். முதலில் வீட்டுச் சூடு எங்கே வீணாகிறது என்று பார்க்கும் எனர்கைட் பரிசோதனை செய்து பார்ப்போம் என்று மனைவி மறித்தது நல்லதாய்ப் போயிற்று.

பரிசோதகர் முன்கதவு வாசலைத் துணியால் மூடி, அதில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே இழுத்தார். அப்படி இழுத்தால் வெளிக்காற்று எந்த ஓட்டையால் உள்ளே வருகிறது என்று தெரிந்துவிடும். நான் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். யன்னலடியில் புகை பெரிதாக அசையவில்லை. பேஸ்மென்டில் சீமெந்துச் சுவரின் மேல் தரைச்சட்டங்கள் வந்து உட்காரும் விளிம்பில் பிடித்தேன். புகை அப்படியே மடிந்து என் முகத்தில் அடித்தது. மேலே, கூரைக்கடியில் இருக்கும் அட்டிக்கின் மூடியிலும் இதே கதைதான்.

குளிர்காலத்தில் சூடான காற்று மேலே ஏறி அட்டிக் இடுக்குகளால் போய்விடுகிறது. போன காற்றுக்கு ஈடாக வீடு கீழிருந்து குளிர்காற்றை இழுக்கிறது. தெர்மோஸ்டாட் 22 காட்டியும் அம்மாவின் கால் ஏன் ஐஸ் மாதிரி இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

ஆகவே முதலில் ஓட்டைகளை அடை, அப்புறம் அட்டிக்கில் சூட்டைத் தடுத்து வைக்கும் இன்சுலேஷன் போடு. இந்த வரிசையை மாற்றாதே. ஓட்டையை விட்டுவிட்டு மேலே கொட்டினால் ஈரக்காற்று அதற்குள்ளால் ஏறி, கூரைப்பலகையின் அடியில் உறைந்து, வெயில் பட்டதும் சொட்டும். எங்களிடம் 5 அங்குலம்தான் இருந்தது. காகிதத்தூளான செல்லுலோஸை ஊதி 17 அங்குலமாக்கினோம், ஏறக்குறைய ஆர்-60 (சூடு வெளியேறாமல் தடுக்கும் திறனின் அளவு; எண் கூடினால் நல்லது). உன் அட்டிக்கில் சின்னக் கற்கள் போல மினுங்கும் வெர்மிகுலைட் என்ற பழைய இன்சுலேஷன் இருந்தால் கையே வைக்காதே. அதில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், சோதிக்கக் கொடு.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. வீடு இறுகிய பிறகு, புட்டு அவித்தால் குசினி யன்னலில் தண்ணீர் வழிந்தது. இப்போது அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போடாமல் யாரும் சமைப்பதில்லை. காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரத்தையும் மாற்றினேன். காஸில் ஓடும் ஹீட்டர் உள்ள வீட்டை இறுக்கும்போது அது கட்டாயம் வேலை செய்ய வேண்டும்.

அம்மா இப்போது பேஸ்மென்ட் சாமி அறையில் காலுறை இல்லாமல் இருந்து தேவாரம் படிக்கிறா. உன்னையும் விசாரித்தா.

பரிசோதனைக்கு நாள் குறித்ததும் சொல்லு. சனிக்கிழமை என்றால் நானும் வந்து நிற்கிறேன். விளிம்பு அடைக்கிற வேலையை இரண்டு பேருமாகச் செய்தால் ஒரு நாளில் முடியும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்