இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். விளையாட்டிலும் பரிசுகள் வந்தன. எல்லாருக்கும் பாராட்டுகள்.

ஆறு, ஏழாம் வகுப்பு ஆங்கில நோட்டுகளைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். காலையில் எழுந்தது, ஷூ போட்டது, ஃபேனை நிறுத்தியது என்று அன்றாடம் செய்வதை ஐந்து வாக்கியமாக எழுதிவரச் சொல்கிறோம். வீட்டிலிருந்து வருவதில் ஒரு பிழையும் இருப்பதில்லை. அதே பிள்ளை தேர்வில் 'ஐ புட் த லைட்', 'ஐ ஆஃப்ட் த ஃபேன்' என்று எழுதுகிறது.

இந்தப் பிழைகளால் எனக்கு வருத்தமில்லை. நாம் லைட் போடுகிறோம், ஷூ போடுகிறோம், சோறு போடுகிறோம், கையெழுத்தும் போடுகிறோம். ஆங்கிலத்தில் லைட்டுக்கு 'ஸ்விட்ச் ஆன்', ஷூவுக்கு 'புட் ஆன்', சோற்றுக்கு 'செர்வ்', கையெழுத்துக்கு 'சைன்'. வீட்டில் 'ஃபேனை ஆஃப் பண்ணு' என்று கேட்ட பிள்ளை, 'ஆஃப்' என்பதையே வினையாக்கி இறந்த காலமும் சேர்த்துவிட்டது. யோசித்திருக்கிறது! அந்த இடத்தைப் பிடித்துத்தான் ஆசிரியர் 'ஸ்விட்ச்ட் ஆஃப்' என்பதைச் சொல்லித்தர முடியும். 'டாடி பிக்ட் அப் மீ' என்று ஒரு பிள்ளை எழுதினால்தான், 'மீ' நடுவில் வந்து 'பிக்ட் மீ அப்' என்று ஆக வேண்டும் என விளக்கலாம். பையை எடுத்ததென்றால் 'பிக்ட் அப் த பேக்', 'பிக்ட் த பேக் அப்' இரண்டுமே சரி. பிழையே இல்லாத நோட்டில் இதையெல்லாம் எங்கே சொல்வது?

வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். செல்போனில் தமிழில் பேசி, அது காட்டும் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதிய வீட்டுப்பாடம் எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரே வாக்கியம், கமா உட்பட, பல நோட்டுகளில் வருகிறது. மூன்றாம் பருவத்திலிருந்து அப்படி வரும் பக்கங்களை ஆசிரியர்கள் திருத்த மாட்டார்கள். பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து மறுபடி எழுத வேண்டும். இதில் யாருக்கும் விலக்குக் கிடையாது.

வேலை முடிந்து அலுத்து வரும் நேரத்தில், பிள்ளை திட்டு வாங்கக் கூடாதே என்றுதான் செல்போனைக் கொடுக்கிறீர்கள். அது புரியாமல் இல்லை. தானே எழுதிய பிழைக்காக இங்கே எந்தப் பிள்ளையையும் திட்ட மாட்டோம். வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண்ணும் குறைக்க மாட்டோம். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எழுதியதை வாய்விட்டுப் படித்து, அதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். 'டேக் ஆஃப்' என்று படித்தால் ஷூவைக் கழற்றட்டும், 'புட் ஆன்' என்றால் மாட்டட்டும். பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் போதும்.

ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்களை நான் மறக்கவில்லை. வர முடியாமல், மறுநாள் காலை கேட்டருகே நின்று விசாரித்துப் போனவர்களையும்தான். உங்கள் எல்லாருக்கும் ஆசிரியர்கள் சார்பில் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்