ஞாயிறு மாலை குழு அழைப்பு: நம் கால்பந்து அணியைப் பற்றிப் பேச

நண்பர்களுக்கு வணக்கம். நேற்றும் தோற்றுவிட்டோம். எல்லாருக்கும் மனசு கனத்துத்தான் இருக்கும். வரும் ஞாயிறு மாலை 6 மணிக்குக் குழு அழைப்பில் சேர்ந்து பேசுவோம்.

1. பயிற்சியாளரை மாற்றுவது பற்றி அப்புறம் பேசலாம். முன்னிலை எடுத்ததும் மொத்த அணியும் பின்னால் போய் நிற்பதுதான் என் பெரிய கவலை. வென்றால் 3 புள்ளி, டிரா என்றால் 1. கடைசி நிமிடத்தில் ஒரு கோல் வாங்கினாலே 2 புள்ளி போச்சு. கார்னரில் (எதிரணி மூலையிலிருந்து பந்தை உதைக்கும்போது) யார் யாரைக் காப்பது என்ற குழப்பமும் தீரவில்லை.
2. நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்புகிறோம். உங்கள் கருத்தைச் சனிக்கிழமைக்குள் இங்கே எழுதுங்கள்.
3. வீரர்களின் பக்கங்களில் போய்த் திட்டாதீர்கள். குடும்பத்தை இழுப்பது கூடவே கூடாது.
4. அடுத்த ஆட்டத்துக்கு நேரில் வருபவர்கள் பெயர் கொடுங்கள், சேர்ந்து உட்காரலாம்.

அழைப்பில் சேர்பவர்கள் ‘வருகிறேன்’ என்று பதில் போடுங்கள்.