ஓட்டாஞ்சில்லில் எழுதிய பெயர்

அன்புள்ள சுந்தரம்,

இங்கு அனைவரும் நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது.

மகள் வீட்டருகே உள்ள கல்லூரியில் வயதானவர்களையும் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று அறிந்து, செப்டம்பர் முதல் பண்டைய கிரேக்க, ரோமானிய நாகரிகம் படித்து வருகிறேன். வாரம் இரண்டு வகுப்புகள். முதல் வரிசையில்தான் உட்காருகிறேன். பளிங்குத் தூண்களைப் பற்றியும் படித்தோம். ஆனால் இரவில் கண்ணை மூடினால் முன்னால் வந்து நிற்பது ஓர் ஓட்டாஞ்சில்லுதான்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில், இந்த ஆண்டு யாரையேனும் நாடு கடத்த வேண்டுமா என்று மக்கள் மன்றத்தில் கேட்பார்கள். வேண்டும் என்று முடிவானால், பின்னொரு நாளில் குடிமக்கள் சந்தைத் திடலில் கூடி, உடைந்த பானை ஓட்டில் ஒருவருடைய பெயரைக் கீறிப் போடுவார்கள். 6,000 ஓடுகளாவது விழுந்தால்தான் அந்த வாக்கெடுப்பு செல்லும். அதிக ஓடுகளில் பெயர் வந்து அகப்பட்டவர் பத்தே நாளில் நகரை விட்டு வெளியேறி 10 ஆண்டுகள் திரும்பாமல் இருக்க வேண்டும். சொத்தும் குடியுரிமையும் அவருக்கே உண்டு. ஆனால் குற்றச்சாட்டும் கிடையாது, தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பும் கிடையாது.

தெமிஸ்தோக்ளிஸ் அப்படி அகப்பட்டவர்களில் ஒருவர். லாரியம் சுரங்கத்தில் கிடைத்த வெள்ளியைக் குடிமக்கள் பங்கு போட்டுக்கொள்ளாமல் போர்க்கப்பல் கட்டச் செய்தவர் அவர். அந்தக் கப்பல்களே கி.மு. 480இல் சலாமிஸ் கடலில் பாரசீகப் படையை முறியடித்தன. பத்தாண்டு கழியுமுன் அதே நகரம் அவரை வெளியேற்றியது; கடைசியில் பாரசீக மன்னரிடமே தஞ்சம் புகுந்து அந்நிய மண்ணில் இறந்தார்.

அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் இருந்த ஒரு பழைய கிணற்றில் அவர் பெயர் கீறிய ஓடுகள் ஏறத்தாழ 190 கிடைத்தன. அவற்றில் பல, மதுக்கிண்ணங்களின் வட்டமான அடிப்பாகங்கள். அவ்வளவையும் எழுதியவை பதினான்கு கைகள்தாம் என்று ஆய்வாளர்கள் எழுத்தை ஒப்பிட்டுக் கண்டிருக்கிறார்கள். எதிரணியினர் முன்கூட்டியே எழுதி, வருவோர் கையில் கொடுக்க வைத்திருந்தவையாகவே இருக்க வேண்டும். பெயரைப் பார்க்காமல் கையெழுத்தைக் கொண்டே விடைத்தாள் யாருடையது என்று சொல்லிவிடும் நீ அவற்றைப் பார்த்திருந்தால், அரைமணி நேரத்தில் பிரித்து அடுக்கியிருப்பாய்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு மனம் கனத்தது. வாக்குரிமையை அவ்வளவு முன்பே கண்ட ஊரில், வாக்கை எழுதித் தரும் வேலையும் உடனே தொடங்கிவிட்டது. அந்த வாக்குரிமை பெண்களுக்கு இல்லை. லாரியத்தில் குனிந்து தவழ்ந்து வெள்ளி வெட்டிய அடிமைகளுக்கும் இல்லை. ஆனாலும் அந்த ஊரை வெறுக்க முடியவில்லை, சுந்தரம். பதவியில் உயர்ந்து போகும் ஒருவரைக் கொல்லாமல், சொத்தையும் பறிக்காமல், கொஞ்ச காலம் தள்ளி வைக்க ஒரு வழியை அவர்கள் தேடினார்களே, அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

ரோமானியப் பகுதி இப்போதுதான் நடக்கிறது. பேரரசர்களின் வரிசை எனக்கு இன்னும் குழம்புகிறது. அதைத் தேர்வுக்கு முன் பார்த்துக்கொள்ளலாம். பிரிட்டனின் வட எல்லையில் வின்டோலாண்டா என்ற படைக்கோட்டையின் ஈரமண்ணில் கிடைத்த மரச்சீவல்களைப் பற்றி மட்டும் உனக்குச் சொல்லியாக வேண்டும். அஞ்சலட்டை போல மெல்லிய பலகைகளில் மையால் எழுதிய கடிதங்கள் அவை. கி.பி. 100ஐ ஒட்டி, ஒரு படைத்தலைவரின் மனைவியான கிளாடியா செவெரா, மற்றொரு தலைவரின் மனைவியான சல்பீசியா லெபிடினாவைத் தன் பிறந்த நாளுக்கு அழைத்திருக்கிறாள். கடிதத்தை எழுத்தர் ஒருவர் ஒழுங்கான எழுத்தில் எழுத, கடைசியில் அவளே எழுதுகோலை வாங்கி, உன்னை எதிர்பார்ப்பேன் சகோதரி என்று தன் கையால் சேர்த்திருக்கிறாள். பழக்கமில்லாத, கோணலான எழுத்து. ஒரு பெண் தன் கைப்பட எழுதி இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய லத்தீன் வரிகளில் இவையும் அடங்கும். ஆசிரியர் திரையில் அந்த வரிகளைப் பெரிதாக்கிக் காட்டியபோது வகுப்பே ஓசையின்றி இருந்தது.

விரல் நடுங்குவதால் இதைப் பேத்தி கணினியில் தட்டித் தந்தாள். கீழே உள்ளது என் கையெழுத்து.

தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன். பேருந்து நிலையத்தில் உன்னை எதிர்பார்ப்பேன்.

என்றும் அன்புடன்,
வேலு