கேம் கம்பெனிப் பங்கு: லாபம் சரி, பணம் வந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சிறிய கேமிங் தொழில்நுட்ப நிறுவனப் பங்குகளை வைத்து வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளில் தொடங்கி பெரம்பூர் வரை வாக்குவாதம் நடக்கிறது. 'ஐந்து மடங்கு போகும்' என்கிறார் ஒருவர், 'டப்பா பங்கு' என்கிறார் இன்னொருவர். இருவருமே விலையையும் நிகர லாபத்தையும் தாண்டிப் பேசுவதில்லை.

கேம் நிறுவனத்தின் பெரிய செலவு புரோகிராமர், டிசைனர் சம்பளம். ஆண்டுக்கு 10 கோடி ரூபாய் சம்பளத்தில் 6 கோடியை 'உருவாக்கத்தில் உள்ள கேம்' என்று சொத்துக் கணக்கில் ஏற்றினால், செலவில் 4 கோடிதான் தெரியும். லாபம் 6 கோடி கூடிவிடும். கணக்கியல் விதி இதை நிபந்தனையோடு அனுமதிக்கிறது. காசிமேட்டில் புதுப் படகு கட்டிய பணம் சொத்து. கடலுக்குப் போகும்போது போடும் டீசலும் ஐஸும் செலவு. வெளிவந்துவிட்ட கேமில் பிழை திருத்துகிறவரின் சம்பளம் டீசல் கணக்கில்தான் சேர வேண்டும். அதையும் படகுக் கணக்கில் எழுதும்போதுதான் வில்லங்கம். கேம் ஓடாவிட்டால் ஏற்றிவைத்த தொகை முழுவதையும் ஒரே காலாண்டில் தள்ளுபடி செய்ய நேரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு காகிதமும் பேனாவும் போதும். மூன்று ஆண்டு நிகர லாபத்தைக் கூட்டுங்கள். பணப்புழக்க அறிக்கையில் தொழில் நடத்தி வந்த பணத்தையும் மூன்று ஆண்டுக்குக் கூட்டி, அதே அறிக்கையின் முதலீட்டுப் பகுதியில் கேம் உருவாக்கத்துக்குப் போனதைக் கழியுங்கள். லாபம் 12 கோடி, மிஞ்சியது 2 கோடி என்றால் மீதி 10 கோடி எங்கே? ஒரு பகுதி 'வரவேண்டிய பாக்கி'யில் கிடக்கலாம். 30 கோடி விற்பனைக்கு 15 கோடி பாக்கி என்றால் ஆறு மாத விற்பனைப் பணம் கைக்கு வரவில்லை. பாக்கி எத்தனை மாதப் பழசு, முடியாத கேம் எத்தனை ஆண்டாக இழுக்கிறது என்று காட்டும் வயது அட்டவணைகள் 2021-22 முதல் ஆண்டறிக்கையில் கட்டாயம். இரண்டு ஆண்டு தாண்டிய தொகையைப் பார்த்தால் எங்களுக்குப் பயம்தான் வருகிறது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களோடு அவற்றின் விளம்பரத்தையும் பணப் பரிமாற்றத்தையும் சேர்த்தே தடை செய்தது. எனவே 'எங்கள் கம்பெனி ரம்மி நடத்தவில்லையே' என்பது பதிலாகாது. பங்குச் சந்தையில் உள்ள நசாரா என்ற கேமிங் நிறுவனம் அத்தகைய ஆட்டத்தை நேரடியாக நடத்தவில்லை; போக்கர்பாசி என்ற பணச் சீட்டாட்டத் தளத்தை நடத்திய நிறுவனத்தில் பங்கு வைத்திருந்ததற்கே அதன் விலை சரிந்தது. அந்த ஆட்டங்களுக்கு சாப்ட்வேர் எழுதிக் கொடுத்த சிறு நிறுவனத்தின் கதி என்ன? ஒரே வாடிக்கையாளரை நம்பி நிறுவனம் ஓடுகிறதா என்று தெரிய, வருவாயில் 10 சதவீதமோ அதற்கு மேலோ தரும் வாடிக்கையாளர் பற்றிய விவரத்தை ஆண்டறிக்கையின் செக்மென்ட் (தொழில் பிரிவு) குறிப்பில் தேடுங்கள்.

புரமோட்டருக்கு, அதாவது நிறுவனத்தை நடத்தும் உரிமையாளருக்கு, வாரண்ட் (பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமை) என்ற அறிவிப்பைப் பலர் கொண்டாடுகிறார்கள். 25 சதவீதம் முன்பணம், மீதி 18 மாதத்துக்குள். பங்காக மாறி 2 கோடிப் பங்கு 2.5 கோடியானால், 10 கோடி லாபத்தில் பங்கு ஒன்றுக்குக் கிடைக்கும் 5 ரூபாய் 4 ரூபாயாகக் குறையும்.

'விழுந்தால் விற்றுவிடலாம்' என்கிறவர்களுக்கு ஒன்று. ஒரு நாளில் விலை அதற்குக் கீழே இறங்க முடியாத வரம்புதான் லோயர் சர்க்யூட். 5 சதவீத லோயர் சர்க்யூட்டில் தொடர்ந்து பத்து நாள் விழுந்தால் 100 ரூபாய்ப் பங்கு 60 ரூபாய்க்கு வந்துவிடும். அந்தப் பத்து நாளும் திரையில் விற்பவர் மட்டுமே இருப்பார். உங்கள் ஆர்டர் வரிசையில் நிற்கும், மாலையில் ரத்தாகும்.

பணப்புழக்க அறிக்கை செப்டம்பர், மார்ச் முடிவுகளோடுதான் கட்டாயமாக வருகிறது. ஆகவே நவம்பரிலும் மே மாதத்திலும் தங்கள் வணிகப் பக்கத்தில் சிறு நிறுவனங்களின் நிகர லாபத்தை வெளியிடும்போது, பக்கத்திலேயே தொழிலில் வந்த பணத்தையும் ஒரு வரி அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறு முதலீட்டாளர்கள் சிலர்,
ராயபுரம், சென்னை-13.